மலைச்சரிவுல செப்டிக் டேங்க்: ஸோக் பிட் போட்டா கீழே இருக்குற ஊத்துக்கு என்ன ஆகும்?

கேரட் தோட்டம் · அக்டோபர் 27, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் - கோத்தகிரி ரோட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள இறங்குனா எங்க வீடு. தாத்தா கட்டுனது. கோயமுத்தூர்ல பதினோரு வருஷம் வேலை பாத்துட்டு போன வருஷம்தான் ஊருக்கே வந்துட்டேன். மேல ரெண்டு ரூம் எடுத்து ஹோம்ஸ்டே விடலாம்னு இருக்கேன்.

ஐப்பசி மழை புடிச்சதுல இருந்து கீழ் பாத்ரூம்ல சத்தம். ஃப்ளஷ் பண்ணா தண்ணி மேல வரைக்கும் வந்து ஒரு சுத்து சுத்திட்டு, யோசிச்சு யோசிச்சு இறங்குது. ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிட்டு வந்தேன். டேங்க்கைத் திறந்துகூடப் பாக்கலை. "பக்கத்துலயே பத்தடிக்கு ஸோக் பிட், அதான் தண்ணிய மண்ணு உறிஞ்சுற குழி, தோண்டி ஓவர்ஃப்ளோவை அதுல விட்டுருவோம் தம்பி. இருபது வருஷத்துக்கு மூடியைத் தொட வேண்டாம்"னு சொல்லி 85,000 கேக்குறார்.

எனக்கு ஒரு உறுத்தல். வீட்டுக்குக் கீழே தேயிலை, அதுக்கும் கீழே பழைய எஸ்டேட் லைன் வீடுகள். அங்க ஒரு ஊத்து இருக்கு. ஏழெட்டு குடும்பம் குடிக்க எடுக்குறாங்க. எங்க டேங்க்குல இருந்து நேரா அளந்தா நூறடிக்கு மேல வரும், ஆனா முழுக்க இறக்கம். ஸோக் பிட் போட்டா அந்த ஊத்துக்கு ஏதும் ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேட்டுக்காடு · அக்டோபர் 27, இரவு 10.05

மழை நின்னா சரியாயிடும். எங்க வீட்லயும் வருஷா வருஷம் இதே கதைதான். காச வீணாக்காதீங்க.

சிவில் கண்ணாடி · அக்டோபர் 28, காலை 6.15

தம்பி, ஓய்வு பெற்ற பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன். ஸோக் பிட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்களிடம் இருப்பது செப்டிக் டேங்க்தானா என்று பாருங்கள். என் அனுபவத்தில், மலையில் "செப்டிக் டேங்க்" என்று காட்டப்படுவதில் பாதி வெறும் குழி.

உண்மையான செப்டிக் டேங்க் என்றால் தரை, சுவர் எல்லாம் பூசி, தண்ணீர் கசியாததாக இருக்கும். உள்ளே குறுக்குச் சுவர் வைத்து இரண்டு அறை. முதல் அறை மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் ‘டீ’ (T வடிவ குழாய் இணைப்பு) மாட்டியிருக்கும். கனமானது அடியில் படியும், எண்ணெயும் மிதப்பதும் மேலே ஏடாக நிற்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் ‘டீ’ வழியாக வெளியேறும். அந்தப் பிளாஸ்டிக் ‘டீ’ இல்லாவிட்டால் மேல் ஏடே வெளியே போய்விடும். நூறு ரூபாய்ச் சாமான், அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

சரியாகக் கட்டிய டேங்க்கும் கழிவின் கரிமச் சுமையில் பாதியைக் குறைத்தால் பெரிது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் பெரும்பாலும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். மீதி வேலையை மண் செய்ய வேண்டும்.

இந்திய தர நிர்ணய விதி ஐ.எஸ். 2470, உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் குறைந்தது 18 மீட்டர், வீட்டுக்கு 6 மீட்டர் தள்ளி என்கிறது. உங்கள் நூறடி கணக்குப்படி அந்த 18 மீட்டரைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அந்த எண் தட்டையான, ஒரே சீரான மண்ணை நினைத்து எழுதியது. நீலகிரிச் சரிவில் மேலே செம்மண், கீழே மக்கின பாறை, அதில் விரிசல். தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் விரிசலில் ஓடினால் நூறடி என்ன, ஐந்நூறடியும் ஒன்றுதான்.

ஒரு சோதனை செய்யலாம். ஸோக் பிட் வரப்போகும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, முதல் நாள் முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் ஊற்றி 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி ஏற்கும். 30 முதல் 60 என்றால் தண்ணீரைப் பரவலாக மண்ணில் விடும் நீளமான பரவு கால்வாய் வேண்டும். 60-க்கு மேல் என்றால் மண்ணை நம்பக் கூடாது. சரிவில் இன்னொரு தலைவலியும் உண்டு: இரண்டே நிமிடத்தில் இறங்கினால் கான்ட்ராக்டருக்குத்தான் சந்தோஷம், ஊற்றுக்கு இல்லை.

கேரட் தோட்டம் · அக்டோபர் 28, காலை 8.30

நன்றி சார். டேங்க் மேல கல் போட்டு மூடி அதுக்கு மேல செடி வெச்சுட்டாங்க. நான் ஸ்கூல் படிக்கும்போது 1998ல ஒரு தடவை திறந்ததா அம்மா சொல்றாங்க. அதுக்கப்புறம் யாரும் திறக்கலை. ஒரு தடவைகூட லாரி வந்ததில்லை.

மேட்டுக்காடு · அக்டோபர் 28, காலை 8.52

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிருச்சே, அதுவே நல்ல டேங்க்னு அர்த்தம்தானே?

சிவில் கண்ணாடி · அக்டோபர் 28, காலை 9.10

நேர்மாறு. இத்தனை வருடம் நிரம்பாத டேங்க் எங்கேயோ ஒழுகுகிறது. ஆளுக்கு வருடத்துக்கு 30, 40 லிட்டர் கசடு சேரும். நான்கு பேர், இத்தனை வருடம்; நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஜாடி பாக்குறவன் · அக்டோபர் 28, மதியம் 2.20

சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கலாம்: குளிர். நான் ஒரு மலை ஊர் சுத்திகரிப்பு நிலையத்துல ஆபரேட்டர். எந்த ஊர்னு கேக்காதீங்க, வேலை வேணும்.

எங்க வேலையில தினமும் காலையில ஒரு லிட்டர் ஜாடியில, காத்து ஊதுற ஏரேஷன் டேங்க் தண்ணிய மொண்டு அரை மணி நேரம் ஆடாம வெக்கணும். கசடு கீழே இறங்கி மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். கசடு எத்தனை மில்லியில நிக்குதோ அதுதான் அன்னைக்கு ஜாதகம். வெயில் காலத்துல எங்க டேங்க்ல 250 பக்கம் நிக்கும். ஜனவரியில பனி விழுந்த காலையில பஞ்சு மாதிரி ஊதிப்போய் 400ஐத் தாண்டி நிக்கும், இறங்கவே மாட்டேங்கும். கையும் மரத்துப் போயிருக்கும், ஜாடியும் ஐஸ் மாதிரி இருக்கும். கிருமிங்களுக்கு குளிர்னா சோம்பல். பத்து டிகிரி குறைஞ்சா அதுங்க வேலை வேகம் கிட்டத்தட்ட பாதியாயிடும்.

மலைக்கு இன்னும் ரெண்டு கஷ்டம் உண்டு, டென்டர் போடுறவங்க யாரும் கவனிக்குறதே இல்லை. ஒண்ணு காத்து. இந்த உயரத்துல காத்தழுத்தம் சமவெளியில இருக்குறதுல நூத்துக்கு எண்பதுதான். சமவெளிக்கு வாங்குன ப்ளோயரை, அதான் காத்து ஊதுற மெஷினை, இங்க ஓட்டுனா அதே அளவு காத்துலயே ஆக்ஸிஜன் அஞ்சுல ஒரு பங்கு கம்மி. மோட்டாரும் அப்படித்தான். பொதுவா 1000 மீட்டர் உயரம் வரைக்கும்னு கணக்குப் பண்ணித்தான் மோட்டார் தயாரிக்குறாங்க. அதுக்கு மேல போனா சூடு தணியாது.

இன்னொண்ணு தண்ணி. நம்ம மலைத் தண்ணி ரொம்ப லேசு. சோப்பு நல்லா நுரைக்குதுன்னு சந்தோஷப்படுவோம். ஆனா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டா மாற ஏழு கிராம் காரத்தன்மையைத் தின்னும். லேசான தண்ணியில அவ்வளவு காரம் ஏது? தண்ணி புளிச்சுப் போய், அம்மோனியாவை மாத்துற கிருமி வேலையை நிறுத்திரும். நாங்க சுண்ணாம்பு கரைச்சு ஊத்துறது அதுக்குத்தான். ஆடிட்டுக்கு வந்த ஒருத்தர் "வெள்ளையடிக்கவா வாங்குனீங்க"ன்னு கேட்டார்.

எல்லாரும் மே மாசக் கூட்டத்தைத்தான் சொல்வாங்க. எங்களுக்குக் கண்டம் டிசம்பர் கடைசி வாரம். அதே அளவு கூட்டம், ஆனா தண்ணி 13, 14 டிகிரி.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு பேர் வந்து எறங்கி, கீஸர் போட்டுக் குளிச்சு, ஞாயித்துக்கிழமை போவாங்க. ரெண்டே நாள்ல உங்க டேங்க்ல தண்ணி வெள்ளமா வரும். படிஞ்சு கிடக்குறதையும் கிளப்பிக்கிட்டு வெளிய போகும். ஊருக்கு ஒரு டிசம்பர்னா உங்க வீட்டுக்கு வாராவாரம் டிசம்பர்.

கடையில விக்குற செப்டிக் டேங்க் பவுடரை மட்டும் வாங்காதீங்க. அதுல இருக்குற கிருமி உங்க வயித்துலயே கோடிக்கணக்குல இருக்கு, இலவசமா.

சாரிங் கிராஸ் · அக்டோபர் 28, மாலை 6.45

கடைசியில டூரிஸ்ட்தான் காரணம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஐகோர்ட் 2024 மே 7ல இருந்து இ-பாஸ் கொண்டு வந்துச்சு. 2025ல ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000னு கட்டுப்பாடும் போட்டுச்சு. அப்பவும் ஊட்டி கோடப்பமந்து கால்வாய் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போக வேண்டியிருக்கு. வர்றவன் பிளாஸ்டிக்கை மட்டும்தான் போட்டுட்டுப் போறான்னா நினைக்குறீங்க?

ஏரிக்கரை மூணாவது வளைவு · அக்டோபர் 28, இரவு 8.10

கொடைக்கானல்ல இருந்து. அண்ணே, கால்வாய்ல ஓடுறது டூரிஸ்ட் வீட்டுத் தண்ணி மட்டுமா? 2011 கணக்குல ஊட்டி நகராட்சியில 88,000 பேர், எங்க ஊர்ல 36,000 பேர். நாமளும் தினமும் காலையில போறோம்ல.

எங்க ஏரிய 1863ல லெவிஞ்ச்னு ஒரு கலெக்டர் ஓடையில அணை கட்டி உண்டாக்குனாரு. உங்க ஊட்டி ஏரி 1820கள்ல கலெக்டரா இருந்த சல்லிவன் வேலை. ரெண்டுமே மனுஷன் கட்டுனது, ரெண்டுமே பள்ளத்துல. ஊரு மேல. மேல என்ன விட்டாலும் வந்து சேர்ற இடம் அதுதான். உங்க ஏரியாவது பாதிக்கு மேல மண்ணு போட்டு பஸ் ஸ்டாண்டு, ரேஸ் கோர்ஸ்னு ஆயிருச்சு. எங்க ஏரி நிரம்பி வழிஞ்சா வெள்ளி நீர்வீழ்ச்சி. மலையேறி வர்ற ஒவ்வொரு பஸ்ஸும் அங்க நிக்கும், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லை, குழந்தைங்க முகம் கழுவிக்கிட்டு இருக்கும்.

நாகை உப்புக்காத்து · அக்டோபர் 28, இரவு 11.30

கடற்கரைக்காரன் ஒருத்தன் உள்ள வரலாமா? உங்க பிரச்சனையைப் படிக்கப் படிக்கப் பொறாமையா இருக்கு. உங்களுக்குத் தண்ணி தானா இறங்கும். எங்க ஊர்ல தெருவுல நாலடி தோண்டினா தண்ணி. குழாய் பள்ளத்துலேயே கிடக்கும், எல்லாத்தையும் பம்ப் பண்ணித்தான் ஏத்தணும். மூட்டுல சின்ன விரிசல் இருந்தாலும் உப்புத் தண்ணி உள்ள வந்துரும். உப்புத் தண்ணியில சல்ஃபேட் ஜாஸ்தி. அது காத்தில்லாத குழாய்ல அழுகின முட்டை வாடை வாயுவா மாறி, மேல் பக்கம் ஈரத்துல அமிலமாகி கான்கிரீட்டையே அரிச்சுடும். குழாய் அடியில புதுசு மாதிரி இருக்கும், கூரை உதிர்ந்திருக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வர்றதுல பாதி சாக்கடை, பாதி கடல்.

செப்டிக் டேங்க் எங்ககிட்ட வேற மாதிரி. காலியா இருந்தா நிலத்தடி நீர் டேங்க்கையே மிதக்கவிட்டுரும். அதனால லாரிக்காரங்க முழுசா உறிஞ்ச மாட்டாங்க.

சாரிங் கிராஸ் · அக்டோபர் 28, இரவு 11.41

நாகை அண்ணா, நடுராத்திரியில டேங்க் மிதக்குற கதையைச் சொல்லி இப்போ தூக்கம் போச்சு.

சுனைக்குக் கீழே · அக்டோபர் 29, காலை 5.50

நான் இந்தக் குழுவுல எழுதுறதில்லை, படிக்க மட்டும்தான். ஆனா இதுக்கு எழுதணும். நான் வேற பக்கத்து லைன். எங்களுக்கும் ஊத்துத் தண்ணிதான். எங்களுக்கு மேல மூணு பங்களா, ஒரு ரிசார்ட்.

ஊத்துக்கு ஏதும் ஆகுமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. எங்களுக்குப் பரிசோதனைக் கூடம் வேணாம். நல்ல மழை பெஞ்சு மூணு நாளைக்கு அந்தத் தண்ணிய குடிக்க எடுக்க மாட்டோம். கலங்கலா இருக்காது. பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா குடத்துல ஒரு ராத்திரி வெச்சா உள்பக்கம் வழுவழுன்னு ஆகும், கையால தேச்சாத்தான் போகும். எங்க மாமியார் அதைத்தான் அடையாளம் சொல்வாங்க. சின்னவன் ரெண்டு வயசுல இருந்தப்போ வருஷத்துல நாலு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். இப்போ எல்லாத் தண்ணியும் காய்ச்சுறோம். ஒரு சிலிண்டர் இருபது நாளுக்குத்தான் வருது.

அந்தக் கான்ட்ராக்டர் சொன்ன மாதிரி செய்யுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழே இறங்கி அந்த வீடுங்கள்ல ஒரு வீட்ல டீ குடிச்சுட்டு வாங்க.

கேரட் தோட்டம் · அக்டோபர் 29, காலை 7.05

அக்கா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். இன்னைக்கே டேங்க்கைத் திறக்குறேன்.

லாரிக்காரர் மகன் · அக்டோபர் 29, காலை 7.20

திறக்குறீங்க சரி, யாரையும் உள்ள இறக்காதீங்க. நீங்களும் தலையை நீட்டாதீங்க. உள்ள இருக்குற அழுகின முட்டை வாடை வாயு முதல்ல நாறும், கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப் போய் வாடையே தெரியாது. வாடை போயிருச்சுன்னு நினைச்சு இறங்குறவங்கதான் சாவாங்க. ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. செத்தா 30 லட்சம் கொடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2023ல சொல்லியிருக்கு. அது பொணத்துக்குக் கிடைக்குற பணம். யாராவது ஆளை இறக்குறதப் பாத்தா 14420க்குப் போன் பண்ணுங்க.

எங்கப்பா பதினாலு வருஷம் லாரி ஓட்டுனார். மலையில உறிஞ்சுறது லேசு இல்லை. ரோடு மேல இருக்கும், டேங்க் கீழே இருக்கும். ஓஸ் நூறடி, நூத்தம்பதடி போட்டு கீழ இருந்து மேல இழுக்கணும். பம்ப் எவ்வளவு நல்லா இருந்தாலும் அஞ்சாறு மீட்டர் ஆழத்துக்கு மேல இழுக்கத் திணறும், இந்த உயரத்துல இன்னும் கம்மி. காத்து அழுத்தம்தான் தண்ணியைத் தள்ளுது, அதுவே இங்க குறைச்சல்தானே. அதனால அடியில கெட்டிப்பட்ட கசடு அப்படியே தங்கிரும், மேல தண்ணிய மட்டும் எடுத்துட்டு காசு வாங்கிட்டுப் போயிருவாங்க. உங்ககிட்ட பெரிய கம்பு இருந்தா உறிஞ்சுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் விட்டு அளந்து பாருங்க.

ரெண்டாவது, லாரி வந்தா டிரைவர்கிட்ட "எங்க கொட்டுவீங்க"ன்னு கேளுங்க. எங்கப்பா வேலை பாத்த முதலாளி ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடைப் பாலத்துல வால்வைத் திறக்கச் சொல்வார். சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் போய் வந்தா டீசல் கட்டாதுன்னு. அப்பா வேலையை விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம். ரசீது கேளுங்க. நிலையத்துல கொட்டினதுக்கு சீட்டு இருக்கான்னு கேளுங்க. சங்கடப்படாதீங்க.

கேரட் தோட்டம் · அக்டோபர் 31, இரவு 9.15

திறந்தாச்சு. கொஞ்சம் பெருசாவே எழுதுறேன்.

செடியெல்லாம் எடுத்து, கடப்பாரை போட்டு கல்லை நகத்துனோம். ஒரு மணி நேரம் தள்ளி நின்னுட்டுத்தான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். மேல ஒரு முழத்துக்கு ஏடு. காஞ்சு, வெடிச்சு, பழைய ஏரிப்படுகை மாதிரி. உள்ள குறுக்குச் சுவர் கிடையாது. நாலுக்கு நாலு, அஞ்சடி ஆழம். சுவர் செங்கல், பூசவே இல்லை. கம்பு விட்டா தரை தட்டலை, மண்ணுக்குள்ள இறங்குது. சார் சொன்னது அப்படியே. குழிதான்.

ஆனா நான் எதிர்பாக்காதது வேற. பின் சுவர்ல ஒரு நாலு இன்ச் குழாய். ‘டீ’ இல்லை, ஒண்ணும் இல்லை. அது எங்க போகுதுன்னு தேயிலைக்குள்ள இறங்கித் தேடினேன். முப்பதடியில முடியுது, தேயிலை வரிசைக்கு நடுவுல இருக்குற வாய்க்கால்ல. வாய்க்கால் பூரா வெள்ளை லில்லி. நம்ம ஊர்ல சாக்கடை ஓரமெல்லாம் வளருமே, புனல் மாதிரிப் பூ. அந்த எடத்துல மட்டும் இடுப்பு உயரத்துக்கு, கரும்பச்சையா. எங்கம்மா வருஷா வருஷம் ஈஸ்டருக்கு சர்ச்சுக்கு வெட்டிட்டுப் போறது அந்தப் பூதான். நானே சின்ன வயசுல கூடையைத் தூக்கிட்டுப் போயிருக்கேன். அங்க ஏன் அவ்வளவு செழிப்பா இருக்குன்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

வாய்க்கால் அப்படியே ஊத்துக்கு மேல போகுது.

ஆக, ஸோக் பிட் போட்டா ஊத்துக்கு என்ன ஆகும்னு கேட்டேன். எங்க தாத்தா காலத்துல இருந்தே ஆயிட்டுத்தான் இருந்திருக்கு.

மேட்டுக்காடு · அக்டோபர் 31, இரவு 9.40

ஏன் தம்பி, இத்தனை வருஷமா குடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.

சுனைக்குக் கீழே · அக்டோபர் 31, இரவு 9.48

ஒண்ணும் ஆகலைன்னு யாரு சொன்னா உங்ககிட்ட?

சிவில் கண்ணாடி · நவம்பர் 1, காலை 6.00

தம்பி, அந்தக் குழாயை உடனே அடைத்துவிடாதீர்கள், வீட்டுக்குள் திரும்பும். கணக்குப் போடுவோம். நிரந்தரமாக நான்கு பேர், விருந்தினர் ஆறு பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும். பத்துப் பேருக்கு 1,080 லிட்டர். உங்கள் குழி சுமார் 2,260 லிட்டர். பாதிக்கு மேல் ஏடும் கசடும். வரும் தண்ணீர் ஒரு நாள்கூடத் தங்காது. ரூம் எடுக்கும் யோசனையை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள்.

புதிதாகக் கட்டுங்கள். தண்ணீர் கசியாத இரண்டு அறை டேங்க். அதன் பிறகு ஸோக் பிட் வேண்டாம். ஜல்லி நிரப்பிய, அடியும் பக்கமும் பூசிய செடிப்படுகை, பிறகு சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் நீளமான ஆழமில்லாத கால்வாய். தண்ணீரை ஒரே இடத்தில் மலைக்குள் இறக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நான் பார்த்த சரிவுகள் சிலவற்றின் தலைப்பில் கழிவுநீர்க் குழி இருந்தது. அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊறின சரிவுக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் நிஜம்.

ஜாடி பாக்குறவன் · நவம்பர் 1, மதியம் 1.10

செடிப்படுகைக்கு எல்லாரும் கல்வாழை வெப்பாங்க. உங்க பக்கம் பள்ளத்துல பனி விழுந்தா கருகிடும், மார்ச்ல திரும்பத் துளிர்க்கும். அதுவரைக்கும் படுகை பாதி வேலைதான் பாக்கும். உங்க லில்லியையே வெச்சுருங்களேன், அது ஏற்கனவே வேலை தெரிஞ்ச ஆளு.

ஊத்தைப் பரிசோதிக்கணும்னா கண்ணாடிக் குப்பி கிட் கிடைக்கும். தண்ணி ஊத்தி வெச்சா மலக்கிருமி இருந்தா கருப்பாயிடும். ஆனா அது முப்பது டிகிரி சூட்டுக்குச் செஞ்சது. நம்ம ஊர் அலமாரியில வெச்சா ரெண்டு நாள் ஆனாலும் ஒண்ணும் ஆகாது, சுத்தமான தண்ணின்னு ஏமாந்துருவீங்க. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி, கம்ப்ரெஸர் பக்கத்துல வெக்கணும்.

கேரட் தோட்டம் · நவம்பர் 9, இரவு 10.20

லாரி வந்துச்சு. ஓஸ் நூத்து முப்பதடி. எங்க கொட்டுவீங்கன்னு கேட்டேன். டிரைவர் அண்ணா ஒரு நிமிஷம் என்னையே பாத்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார்"னார். நிலையத்துல கொட்டுன சீட்டு மறுநாள் வாட்ஸ்அப்புல வந்துச்சு. எண்ணூறு ரூபாய் கூடக் கொடுத்தேன், டீசலுக்கு.

கம்பு விட்டு அளந்தா அடியில ஒன்றரை அடி இன்னும் இருக்கு.

குப்பி மூணு வாங்கினேன். ஒண்ணுல ஊத்துத் தண்ணி, ஒண்ணுல எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, ஒண்ணுல காய்ச்சி ஆற வெச்ச தண்ணி. மூணையும் அம்மாவோட கம்பளிச் சால்வையில சுத்தி ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி வெச்சேன். அம்மா என்னமோ குழந்தையை வெச்சிருக்குற மாதிரி தினமும் திறந்து பாத்தாங்க. மூணாம் நாள் காலையில ஊத்துக் குப்பி மை மாதிரி கருப்பு. மத்த ரெண்டும் அப்படியே.

அதை எடுத்துக்கிட்டுக் கீழே போனேன். முதல் வீட்டு அக்கா குப்பியை வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க. "இதுக்காக இவ்வளவு தூரம் வந்தியா சாமி, எங்களுக்குத் தெரியுமே"ன்னாங்க. டீயும் போட்டாங்க. குடிச்சேன்.

லாரிக்காரர் மகன் · நவம்பர் 9, இரவு 10.31

எண்ணூறு கூடக் கொடுத்ததை அந்த டிரைவர் ரொம்ப நாள் மறக்க மாட்டார்.

நாகை உப்புக்காத்து · நவம்பர் 9, இரவு 11.02

டேங்க் வேலை எப்போ? படம் போடுங்க.

கேரட் தோட்டம் · டிசம்பர் 14, இரவு 8.50

ரெண்டு அறை டேங்க் முடிஞ்சுது. பழைய கான்ட்ராக்டர் இல்லை, வேற மேஸ்திரி. ‘டீ’ ரெண்டும் மாட்டுற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன், அவருக்குக் கோவம். வாய்க்கால்ல இருந்த லில்லியைப் பிடுங்கி ஜல்லிப் படுகையில நட்டாச்சு, ரெண்டு வரிசை. நாலு இன்ச் குழாயை அடைச்சு மூணு வாரம் ஆச்சு. ரூம் வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டேன். செலவு நினைச்சதைவிட ரெண்டு மடங்கு, அதைப் பத்தி இங்க எழுதினா அம்மா படிச்சுருவாங்க.

ஊத்துத் தண்ணி குப்பி ரெண்டாவது தடவை வெச்சிருக்கேன். நேத்து பாத்தப்போ லேசா சாம்பல் நிறம். நாளைக்குத்தான் மூணாவது நாள்.

சுனைக்குக் கீழே · டிசம்பர் 14, இரவு 9.06

கருப்பானா உடனே மனசு விட்டுடாதீங்க தம்பி. மண்ணுக்குள்ள இத்தனை வருஷமா ஊறினது மூணு வாரத்துல போகாது. நாளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. அந்தக் குப்பி எங்க கிடைக்கும்? எங்க ஊத்துக்கும் ரெண்டு வேணும்.